தும்பைப் பூவில் கண்ட மஞ்சள்

மாலதி தொலைபேசியில் அழைத்தபோது நான் குசினியில் மீனுக்கு மஞ்சள் பிரட்டிக்கொண்டு நின்றேன். "அன்ரி, பெரியம்மா விடிய எழும்பேல்லை" என்றாள். அவ்வளவுதான். மஞ்சள் கையோடு கைபேசியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மீனைப் பூனை கொண்டுபோனதும் தெரியாது. பின்னேரம் பார்த்தால் கைபேசியின் உறையில் என் விரல்கள் மஞ்சளாகப் பதிந்திருந்தன. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கறை சிவந்ததே தவிரப் போகவில்லை. புவனேஸ்வரி ரீச்சரிடம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

மாலதி புவனாவுடைய தங்கையின் மகள். முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு நான் எழுதவேண்டும் என்று கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டாள். "அழுவாரைப்போல எழுதாதேங்கோ அன்ரி. பெரியம்மாவுக்கு அது சரிவராது." சரிவராதுதான். செத்தவீட்டுக்குப் போனால்கூட யார் உண்மையாக அழுகிறார்கள் என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறவள் அவள். அவளுடைய செத்தவீட்டில் நான் அழுதேன். அது உண்மையான அழுகை என்று அவள் ஒப்புக்கொண்டிருப்பாள்.

திருகோணமலை நகரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் நெடுங்காலம் படிப்பித்தோம். அவள் தாவரவியல், நான் தமிழ். அடுத்தடுத்த வகுப்பறைகள். நான் இந்தப் பக்கம் பூவுக்கு உவமை சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அவள் அதே பூவை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருப்பாள். ஏன் இப்படிக் கொலை செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "நீ பூவைப் பாடுறாய். நான் பூவிட்டக் கேள்வி கேக்கிறன். ரெண்டில எது மரியாதை?" என்றாள். நான் என் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். அவளோடு கதைத்தால் அநேகமாக அப்படித்தான் முடியும்.

அவளுடைய ஆராய்ச்சி மூலிகைகளின் பூக்களிலும் இலைகளிலும் இருக்கிற இயற்கை நிறங்களைப் பற்றியது. கொழும்புப் பல்கலைக்கழகமொன்றில் அதைத் தொடங்கி, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த சேலையோடு ஊருக்கு வந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் மறுபடி இடம் கிடைத்தது. ஊரிலிருந்தபடியே செய்யலாம், ஆனால் இதுதான் கடைசித் தடவை, இனித் தவணை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மெல்லச் சொன்னது நினைவிருக்கிறது. "நேசம், இந்த முறையும் பாதியில விட்டா என்னை நானே மன்னிக்கமாட்டன்." சிரிப்புக்காரி சிரிக்காமல் சொன்ன சில வசனங்களில் அதுவும் ஒன்று.

வேலை கேட்பதற்கு எளிது. இலையை அரைத்துச் சாறெடுத்து, ஒரு தாள் துண்டின் அடியில் பொட்டாக வைத்து, தாளின் நுனியைக் கரைப்பானில் நனைய விடவேண்டும். கரைப்பான் மேலே ஏற ஏற நிறங்களும் பிரிந்து ஏறும். ஒரே பச்சை என்று நாங்கள் சம்பல் போட்டுத் தின்கிற வல்லாரைக்குள் இரண்டு பச்சையும் இரண்டு மஞ்சளும் இருப்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள். ஊறுகாய்ப் போத்தலுக்குள் தொங்கிய தாளில் அந்தக் கோடுகள் மெதுவாக மேலே வந்ததைப் பார்த்தபோது, தமிழ் படித்தவளான நானும் போத்தலுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

கரைப்பானுக்கு எங்கே போவது? யுத்தம் நடக்கிற ஊருக்குள் அசற்றோன் போத்தலைக் கொண்டுவர யார் விடுவார்கள்? புவனா நேரே பிரதான வீதிக்குப் போய், கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர் ஹனிபா நானாவின் அலங்காரச் சாமான் கடையில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை வாங்கத் தொடங்கினாள். அதில் இருப்பது அசற்றோன்தானே. மாதாமாதம் போனாள். அவளுடைய நகங்களோ இலைச்சாறு பட்டுக் கறுத்துக் கிடந்தன. ஹனிபா நானா நெடுநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார். "ரீச்சர், குறை நினைக்காதீங்க. பூசுறத்துக்கு ஒண்டும் வாங்காம அழிக்கிறத மட்டும் வாங்கிட்டுப் போறீங்களே, என்ன விசயம்?" அவள் விளக்கினாள். அதன்பிறகு அவர் அவளுக்கென்று நாலைந்து போத்தலை அலுமாரியில் எடுத்து வைப்பார்.

கரைப்பான் கிடைத்தது, பூ கிடைக்கவில்லை. காட்டுப் பக்கம் போக ஏலாது. வீதியோரப் பற்றைகளையெல்லாம் பாதுகாப்புக்கென்று வெட்டி எரித்துவிட்டார்கள். முன்பு செருப்பில் மிதிபட்ட தும்பைகூட நகரத்தில் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கை அம்மன் கோயிலுக்கு மட்டும் பூ வந்துகொண்டிருந்தது. நிலாவெளியிலிருந்து வள்ளியக்கா என்ற பெண் காலை பஸ்ஸில், நனைத்த துணியில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவா. தும்பை, எருக்கலை, கொன்றை, ஆவரசு, வில்வம், துளசி. சாமிக்குச் சாத்துவதில் பாதிக்குமேல் மூலிகைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

புவனா கோயில் வாசலில் மறித்துக் கேட்டாள். வள்ளியக்கா தரவில்லை. "சாமிக்கெண்டு மனசில நினைச்சு ஆய்ஞ்ச பூ ரீச்சர். அதை அவிக்கத் தரேலாது. முதல் சாமிக்கு வைக்கட்டும். பிறகு கழட்டினாப்போல பூசாரியிட்ட வாங்குங்கோ." பூசாரியும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சாத்திக் கழித்த பூ கால்படக்கூடாது, மிச்சம் கடலில் சேரவேண்டும். அதனால் சனிக்கிழமை காலைகளில் புவனா வெள்ளிக்கிழமைப் பூக்களை வாங்கிவந்து ஆய்வுகூடத்தில் இடிப்பாள். பின்னேரம் அந்தச் சக்கையை வாழையிலையில் ஏந்திக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். அஸ்தி கரைக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறாய் என்று நான் பகிடி பண்ணுவேன். "கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதுக்கு இந்த மரியாதையாவது செய்யவேணும்" என்பாள்.

இப்படி ஒரு சனிக்கிழமைதான் வெள்ளைத் தும்பைப் பூவில் அந்த மஞ்சள் வந்தது. தாளில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. அமோனியா ஆவியைக் காட்டினால் சிவந்தது. அப்படிச் சிவக்கிற மஞ்சள் நிறங்கள் சில பூக்களில் உண்டாம். தும்பையில் உண்டென்று அவள் தேடிய எதிலும் இல்லையாம். பூவை நன்றாகத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி செய்தாள். அதே மஞ்சள். அடுத்த சனியும் அதே. கொழும்புப் பேராசிரியருக்கு எழுதினாள். அவர் ஒரு சிங்களப் பெரியவர், லேசில் யாரையும் புகழாதவர். இது உறுதியானால் பட்டத்துக்கு இதுவே போதும், வந்து விஞ்ஞானிகளின் கூட்டத்தில் வாசியுங்கள் என்று பதில் போட்டார். பள்ளிக்கூட அதிபருக்குத் தலைகால் தெரியவில்லை. வாசலில் கட்டுவதற்கு ஒரு துணிப் பதாகை எழுதுவித்தார். "புதிய நிறமி கண்ட எங்கள் பொன்மகளே வாழ்க." வாசகம் என்னுடையதுதான், வேறு யார் அப்படி எழுதுவார்கள்?

கொழும்புப் பயணத்துக்கு முந்தின ஞாயிறு, மாலதி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பந்தலுக்குள் சனம் நிரம்பியிருந்தது. புதுப் பட்டுச்சேலையில் மாலதி தலைகுனிந்து நிற்கிறாள். ஆலாத்தி எடுக்கவேண்டியவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீரைக் கரைத்துத் தரும்படி தங்கை புவனாவிடம் தட்டத்தைக் கொடுத்தாள். புவனா தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தாள். வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து விட்டாள். நமது பெண்கள் எல்லாருக்கும் தெரியும், உடனே தண்ணீர் இரத்தம்போலச் சிவக்கும்.

நான் தட்டத்துக்குக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. தட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புவனா, பிள்ளை நிக்குது. தா."

"நேசம், தும்பை" என்றாள்.

"தும்பைக்கு என்ன?"

"அது தும்பை இல்லை. மஞ்சள்."

எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மனுக்கு மஞ்சட்காப்பு. அம்மனின் மேனி முழுவதும் அரைத்த மஞ்சளை அப்பி, அதன்மேல் பூக்களைச் சாத்துவார்கள். புவனா மஞ்சள் ஒட்டிய பூக்களை ஒதுக்கிவிட்டு, வெள்ளை வெளேரென்று இருந்தவற்றை மட்டும் பொறுக்கி அலசித்தான் எடுத்தாள். ஆனால் மஞ்சள் தண்ணீருக்கு விட்டுப்போகிற சாமானா? கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்ததை ஹனிபா நானாவின் அசற்றோன் வழித்தெடுத்துத் தாளில் ஏற்றியிருக்கிறது. சுண்ணாம்புக்குச் சிவப்பது அமோனியாவுக்கும் சிவக்கும்தானே. இதில் பகிடி என்னவென்றால், சவர்க்காரத்தில் மஞ்சள் தாள் சிவப்பதை அவள் அந்தத் தவணைதான் எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்து மஞ்சளும் கோயில் மஞ்சளும் அவளுடைய தலைக்குள் வேறு வேறு அறைகளில் இருந்திருக்கின்றன.

அடுத்தநாள் காலை தங்கை வீட்டுக் குசினி மஞ்சளைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள். நானும் பாடத்தை விட்டுவிட்டுக் கூடப் போனேன். ஒரே தாளில் இரண்டு பொட்டு, ஒன்று தும்பை, மற்றது மஞ்சள். இரண்டு கோடும் தோளோடு தோளாக ஏறி, ஒரே உயரத்தில் நின்றன. அமோனியாவுக்கு இரண்டும் சிவந்தன. புவனா கதிரையில் இருந்தாள். "இதோட முடிஞ்சுது நேசம். ரெண்டாந்தரமும் பாதியில" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தால் மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னாள். "ஆயிரமாயிரம் வருசமா எங்கட ஆக்கள் கறிக்குப் போடுறதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டிருக்கு." பிறகு சிரிக்கத் தொடங்கினாள், நானும் சிரித்தேன், அடுத்த வகுப்பிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதிபர் நல்ல மனிதர். அவளுக்கு நன்மை நினைத்துத்தான் அதைச் சொன்னார். "ரீச்சர், நீங்கள் போய் வாசிச்சிட்டு வாங்கோ. தும்பைக்குள்ள மஞ்சள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஆருக்கு நட்டம்?"

"தும்பைக்கு நட்டம் சேர்" என்றாள் புவனா. "அது வெள்ளையாப் பூக்கிற பூ."

கொழும்புக்கு அவளோடு நானும் போனேன். கந்தளாய்க்குக் கிட்ட பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவன் அவளுடைய பையிலிருந்த தாள் துண்டுகளை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டான். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "மல்" என்றாள், பூ. அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பூ எங்கே? இவள் அவசரப்படாமல் ஒரு மஞ்சள் கோட்டைத் தொட்டு "ரணவரா" என்றாள். ஆவரசுக்கு அவர்கள் சொல்கிற பெயர். அவனுடைய முகம் மாறியது. வீட்டில் அம்மா அவித்துத் தருவா என்று சொல்லி, அந்தக் கோட்டை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறியதும் புவனா சொன்னாள். "பார், கொழும்புக்குப் போக முதலே எனக்கு ஒரு மாணவன் கிடைச்சிட்டான்."

கூட்ட மண்டபத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் பேராசிரியர். அவர் தலையை ஆட்டினால் பட்டம், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். அவள் இரண்டு கோடுள்ள அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். நிகழ்ச்சி நிரலில் இருக்கிற என் தலைப்பைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். இடது பக்கம் இருப்பது தும்பைப் பூவில் நான் கண்ட மஞ்சள். வலது பக்கம் இருப்பது என் தங்கை வீட்டுக் குசினி மஞ்சள். இரண்டும் ஒன்று. நான் திருகோணமலையிலிருந்து வந்தது இதைச் சொல்லத்தான்.

பேராசிரியர் குனிந்தபடி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் சாமத்திய வீட்டைச் சொன்னாள். தட்டத்தைச் சொன்னாள், பிள்ளையைக் காக்கவைத்ததைச் சொன்னாள். நடுவிலிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தா. பக்கத்திலிருந்த சிங்களப் பெண்களும் சிரித்தார்கள், மஞ்சள் தண்ணீர் அவர்கள் வீட்டிலும் உண்டுதானே. பேராசிரியர் நிமிர்ந்தார். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கியபடி எழுதுகிறேன். "இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆகவே உங்களுடைய மற்றத் தாள்களை நான் இனி நம்பலாம். போய் எல்லாவற்றையும் புதுப் பூவில் செய்யுங்கள். அதற்கு வேண்டிய தவணையை நான் கேட்டு வாங்கித் தருகிறேன்."

புதுப் பூவுக்கு மறுபடி வள்ளியக்காவிடம்தானே போகவேண்டும். கோயில் வாசலில் நின்று நடந்ததையெல்லாம் புவனா ஒன்றுவிடாமல் சொன்னாள். வள்ளியக்கா வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டா. அடுத்த நாள் பஸ்ஸால் இறங்கியபோது கையில் இரண்டு பொட்டலம். பெரியதைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, சின்னதைப் புவனாவிடம் நீட்டினா. "இந்தாங்கோ. இது சாமிக்கு ஆய்ஞ்சதில்லை. ரீச்சருக்கெண்டு நினைச்சு ஆய்ஞ்சது." அதன்பிறகு ஆராய்ச்சி முடியும்வரை இரண்டு பொட்டலம் வந்தது. புதுத் தும்பையில் அந்த மஞ்சள் இல்லை. பட்டம் கிடைத்தது. பதாகையைப் புவனா வீணாக்கவில்லை, திருப்பிப் போட்டு ஆய்வுகூட யன்னலுக்குத் திரையாக்கிவிட்டாள். வெயில் அடித்தால் என் வாசகம் இடவலம் மாறித் தெரியும். அந்த யன்னலோரம் இருந்து படித்த பிள்ளைகள் அதைக் கண்ணாடி எழுத்தில் வாசித்துச் சிரித்திருப்பீர்கள்.

அன்றிலிருந்து அவளுடைய வாயில் ஒரு கேள்வி குடிவந்தது. "இது சொந்த நிறமோ, பூசின நிறமோ?" யார் என்ன கதை கொண்டுவந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பாள். ஒருநாள் கிண்ணியாத் துறையடியில் பிரச்சினையாம், முஸ்லிம் ஆக்கள் திரண்டு வருகிறார்களாம் என்று கதை பரவி, நாங்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். இவள் குடையை எடுத்துக்கொண்டு நேரே ஹனிபா நானாவின் கடைக்கு நடந்தாள். பைத்தியம் என்று திட்டிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். நானா கடைக்கதவைப் பாதி மூடிவிட்டு உள்ளே நின்றார். தமிழ் ஆக்கள் திரண்டு வருகிறார்கள் என்று அவருக்குக் கதை வந்திருந்தது. "திரண்டு வந்தது நாங்கள் ரெண்டுபேர்தான் நானா" என்றாள் புவனா. அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம், மூன்று பேரும் சிரித்தோம். அவர் கதவை முழுவதும் திறந்தார். பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லா நாளும் அப்படி நல்லபடி முடிந்ததென்று சொல்லமாட்டேன். அன்று முடிந்தது. வந்ததோடு வந்ததாக அவள் அழிக்கிற திரவமும் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டாள்.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான். இந்த மலருக்கென்று நான் முதலில் எழுதியதில் பாதியை அதுவே வெட்டிப்போட்டது. 'பண்பின் சிகரம்' என்று எழுதினேன். பூசினது நேசம் என்று காதுக்குள் சொன்னாள். 'கல்விக்கடல்' என்று எழுதினேன், அதற்கும் அதையே சொன்னாள். பிழைத்து மிஞ்சியது இவ்வளவுதான். கைபேசி உறையையும் நான் மாற்றப்போவதில்லை.

செத்தவீட்டன்று பிரேதத்தை எடுக்கச் சற்று முன்னர் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. வள்ளியக்கா. நன்றாகக் கூனிவிட்டா, கண்ணும் மங்கிவிட்டது, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கையில் நனைத்த துணிப் பொட்டலம். மாலதி ஓடிப்போய் அதை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல், "சாமி அறையில வைக்கட்டோ ஆச்சி?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. இது சாமிக்கு ஆய்ஞ்சதில்லை" என்றா வள்ளியக்கா. "ரீச்சருக்கெண்டு நினைச்சு ஆய்ஞ்சது."

மாலதி துணியை அவிழ்த்துப் புவனாவின் கைகளின்மேல் கவிழ்த்தாள். எல்லாம் தும்பைப் பூ, வெள்ளை வெளேரென்று.